மாமாவின் கையில் செம்பு

நான் பெரியபிள்ளையான செய்தி கேட்டு எங்கள் சிறுவர் கழகம் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் வேறு. முந்திய சனிக்கிழமைதான் பொதுநோக்கு மண்டபத்தில் கூடி ஒரு தீர்மானம் எடுத்திருந்தோம். கழகப் பிள்ளைகள் வீட்டு விசேஷம் எதிலும் சாராயம் இருக்கக் கூடாது, வெற்றிலைத் தட்டத்தில் சிகரெட் வைக்கக் கூடாது. அதைக் கொப்பியில் அழகான எழுத்தில் எழுதியவள் நான்தான், செயலாளர். முதல் விசேஷம் ஆர் வீட்டில் வருமென்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது என் வீட்டிலேயே வந்து நின்றது.

போர் முடிந்து உடையார்கட்டுக்கு நாங்கள் திரும்பி வந்து அப்போது மூன்று வருசம்கூட ஆகவில்லை. அப்பா இல்லை. அம்மாவின் தமையன், என் மாமாதான் எங்களுக்கு எல்லாம். வீட்டுக்குக் கூரை போட்டவரும் அவர், எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தவரும் அவர். ஊரெல்லாம் புது வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம்; தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மண்ணும் கல்லும் ஏற்றி நன்றாக உழைத்தார். பின்னேரமானால் தவறணைக்குப் போவார். கள்ளு போதாவிட்டால் சாராயம். குடித்தாலும் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விழுந்து படுப்பார். பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் அவர் நடப்பதுபோல நடந்து காட்டுவார்கள். எனக்கு மாமாவில் சரியான விருப்பம். வெட்கமும் அதே அளவுக்கு இருந்தது.

பெரியபிள்ளையானவளுக்குத் தண்ணீர் வார்க்கிற சாமத்திய வீட்டில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தேங்காய் உடைத்து, பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து, செம்பால் தண்ணீர் வார்க்க வேண்டியவர் அவர்தான். மாமாவோ இரண்டு பந்தலுக்குத் திட்டம் போட்டிருந்தார். முன்பந்தல் சனத்துக்கு. பின்வளவில் தறப்பாள் கட்டி இன்னொன்று, தன் கூட்டாளிகள் இருந்து குடிக்க. பின்பந்தல் இல்லாத விசேஷத்தை ஊரில் ஒரு விசேஷமாகவே ஆண்கள் மதிப்பதில்லை.

எனக்கோ அறையை விட்டு வெளியே வரத் தடை. காலையில் பச்சை முட்டை, அதற்கு மேலே நல்லெண்ணெய், மத்தியானம் உழுத்தங்களி. பச்சை முட்டையை நாள் தவறாமல் விழுங்குகிறவளுக்கு இதைவிட வேறென்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு துணிவு வந்துவிடும்.

“பின்பந்தல் போட்டால் நான் அறையை விட்டு வெளிக்கிடமாட்டன்,” என்று அம்மாவிடம் சொன்னேன்.

“விசர்க் கதை கதையாதை. மாமா கோவிச்சுக்கொண்டு போனால் ஆர் உனக்குத் தண்ணி வார்க்கிறது?”

“ஒருத்தரும் வார்க்க வேண்டாம். நான் இப்பிடியே இருக்கிறன்.”

அம்மா அழுதா, ஏசினா. அவவுக்கு இருந்த ஒரே ஆண் துணை அண்ணன்தான். அவரை நாலுபேர் முன்னால் தலைகுனிய வைத்தால் பிறகு இந்த வீட்டுக்கு ஆர் வருவார் என்று பயந்தா. எனக்கு அந்தப் பயம் விளங்காமல் இல்லை. ஆனால் முதல் வீட்டிலேயே தீர்மானம் பிழைத்தால் இரண்டாவது வீட்டில் ஆர் அதை மதிப்பார்கள்? நான் அசையவில்லை.

விசேஷத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாமா வந்தார். தண்ணீர் வார்க்கும்வரை ஆண்கள் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால், வாசல் சீலைக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார்.

“என்ன செயலாளர் அம்மா, எனக்கும் தீர்மானமோ?”

“ஓம் மாமா. பின்பந்தல் வேண்டாம்.”

“சரி, விடு. தறப்பாளைக் கழட்டிறன்.”

இவ்வளவு சுகமாக முடியுமென்று நான் நினைக்கவில்லை. வென்ற ருசியில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன்.

“இண்டையிலயிருந்து விசேஷம் முடியுமட்டும் நீங்களும் குடிக்கக் கூடாது. ஒரு சொட்டும்.”



“மூண்டு நாளோ?”

“மூண்டு நாள்தானே மாமா.”

“ஓம்,” என்றார் மெல்ல. “மூண்டு நாள்தானே.”

சொல்லைக் கேட்டு விட்டுவிடுகிற கழகமா நாங்கள்? மாமாவின் பக்கத்து வளவுதான் எங்கள் கழகத் தலைவியின் வீடு. என்னைவிட ஒரு வயது மூத்தவள், வேலிக்கு மேலால் பார்ப்பதில் கெட்டிக்காரி. காலையும் பின்னேரமும் என் யன்னலுக்கு வந்து அறிக்கை தருவாள்.

“தவறணைக்குப் போகேல்லை. வளவுக்குள்ளேயே நடந்து திரிஞ்சவர். பிளேன்ரீ குடிச்சவர், அதையும் சத்தி எடுத்துப்போட்டார். சேட்டெல்லாம் ஒரே வேர்வை.”

“குடிச்சவரோ இல்லையோ, அதைச் சொல்லு.”

“இல்லை.”

நான் கொப்பியில் ‘குடிக்கவில்லை’ என்று எழுதினேன்.

அடுத்த நாள் இன்னும் நிறையக் கொண்டுவந்தாள். விறகு கொத்தப் போன மாமா கோடாலியைக் கைதவற விட்டாராம். குந்தியிருந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கூட்டாளி ஒருவர் போத்தலோடு வர, கேற்றைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாராம். நான் அன்றைக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். மூன்றாம் நாளும் அதே சொல்தான்.

விசேஷ நாள் காலை மாமா வெள்ளை வேட்டியோடு வந்தார். சவரம் செய்த நாடியில் மூன்று இடத்தில் வெட்டுக்காயம். தேங்காய்க்கு ஓங்கிய கத்தி முதல் தரம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் தரமும் சரிவரவில்லை. மூன்றாவதில்தான் தேங்காய் உடைந்தது. அறுகம்புல்லை என் தலையில் வைக்கப் போனவர் தோளில் போட்டார். செம்பைத் தூக்கினார். அது அவர் கையில் கிடுகிடுவென்று ஆடியது. தண்ணீர் என் தலையில் பாதியும் அம்மாவின் சேலையில் பாதியுமாகக் கொட்டியது.

“பிள்ளையின்ரை நாளிலையும் குடியே?” என்று பின்னால் ஒரு மனிசி சொல்வது கேட்டது. ஆரோ சிரித்தார்கள்.

ஊரே பார்க்க என் தீர்மானம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. மாமா குனிந்தபோது கேட்டேன்.

“குடிச்சனீங்களோ மாமா?”

“இல்லைப் பிள்ளை. சத்தியமா இல்லை.”

அவரில் சவர்க்காரமும் வேர்வையும்தான் மணத்தன. ஆனால் அந்தக் கையைக் கண்ட பிறகு மூக்கை ஆர் நம்புவார்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனம் கலைந்து பின்னேரமானதும் மாமா தவறணைக்குப் போய் வந்தார். எங்கள் வாசலில் வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கோப்பை நிறைய வாங்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். அந்தக் கை கல்லுப்போல நின்றது. அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் தந்தது. தலைவி எவ்வளவோ மறித்தாள், “நான் பாத்துக்கொண்டு நிண்டனான், அவர் குடிக்கேல்லையடி” என்று சத்தியம் பண்ணினாள். நான் கேட்கவில்லை. மூன்று ‘குடிக்கவில்லை’யையும் வெட்டி, மேலே ‘பொய்’ என்று எழுதினேன்.

இப்போது கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமங்களில் சிறுவர் கழகங்களோடு வேலை செய்வதுதான் என் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிக்குப் போனேன். நாள் தவறாமல் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்குமென்று அங்கே ஒரு டொக்டர் சொன்னார். வேர்க்கும், சத்தி வரும், நித்திரை வராது, கை நடுங்கும், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். திரும்பக் குடித்தால் நடுக்கம் நின்றுவிடும். அதனால்தான் குடியைத் தனியாக விடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு யன்னலடியில் நின்ற தலைவியின் குரல்தான் கேட்டது. அவள் ஒன்றையும் விடாமல் சொல்லியிருந்தாள். எழுதாமல் விட்டவள் நான்.

பின்பந்தல் வேண்டாமென்று அடம்பிடித்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. இப்போதும் பிள்ளைகளிடம் அடம்பிடிக்கத்தான் சொல்கிறேன். ஆனால் கேட்டுவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்காதேங்கோ, கூடப் போங்கோ என்றும் சொல்கிறேன். பயிற்சி முடிந்த கிழமையே மாமாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாட்டேன் என்றார். அடம்பிடிப்பது எனக்குப் புதிதா?

கிளினிக்கின் மர வாங்கில் எங்கள் இலக்கம் கூப்பிடும்வரை இருந்தோம். தலை நரைத்துவிட்டது அவருக்கு. நான்தான் கதையைத் தொடங்கினேன்.

“மாமா, என்ரை சாமத்திய வீட்டிலை நீங்கள் குடிக்காமல்தான் வந்தனீங்கள் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்.”

மாமா தன் கைகளைப் பார்த்தார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை,” என்றார்.