சர்வருக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர்

கம்ப்யூட்டரைப் பராமரிக்கிற உத்தியோகத்தில், மிஷின் ஓடும்வரை நம்மை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றால் மட்டும் முப்பாட்டன் வரைக்கும் விசாரிப்பார்கள். இதே வண்டியை இழுக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். எந்த நூல் எந்த ஊர்த் தறிக்குப் போனது என்ற விவரமெல்லாம் ஒரே சர்வரில். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பாப்பேன். நடுவுல ஒரு நாள் முழுக்க இது படுத்துச்சுன்னா பழையபடி நோட்டுக்குப் போயிருவேன். நீங்க வேற எடம் பாத்துக்கோங்க."

தலையணை

முதல் மாதமே சர்வர் சூடாகிச் சூடாகி நின்றது. மூடியைக் கழற்றினால் விசிறியே கண்ணுக்குத் தெரியவில்லை. மில்லில் பறக்கிற பஞ்செல்லாம் அங்கே குடியேறியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு தலையணைக்குத் தேறியது. உறை தைத்து மூன்று வருடம் தலைக்கு வைத்துப் படுத்தேன், நம்பாவிட்டால் போங்கள்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் கரண்டைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, புளோயரால் ஊதுவேன். எட்டிப் பார்த்த மேஸ்திரி சொன்னார்: "நூத்தா ஒரு கோன் நூலு தேறும் போலயே, ஏன் வெளிய விடுறீக?"

குடம்

அடுத்து, பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடித்தது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியில் கரியும் உப்பும் முறையாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் கரிசல் மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஈரமில்லாத குழியில் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். தினம் ஒரு குடம் ஊற்றுங்கள் என்றேன். ஊரில் குழாய்த் தண்ணீர் வாரம் ஒருமுறை வருகிற காலம். மில்லுக்குத் தண்ணீர் சுமக்கிற பேச்சியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

ஒரு வாரம் நானே சைக்கிளில் கொண்டுவந்து ஊற்றினேன். அடிப்பது நின்றது. குழிக்குப் பக்கத்து வேப்பங்கன்று அந்த ஒரே வாரத்தில் கூரையைத் தொட்டது. பேச்சியம்மா சர்வரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எம் பேரனுக்கு வாரம் ஒரு தடவதேன் குளியலு. இவுகளுக்குத் தெனமும்ல நடக்குது."

சந்தனம்

ஐந்தாவது மாதம் ஆயுத பூசை. ஓடுகிற மிஷினுக்குப் பூசை போடக்கூடாது என்பது எங்கள் மில் வழக்கம். ஃபிட்டர் கந்தவேலு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து, நான் பார்ப்பதற்குள் சர்வரின் பிளக்கையும் பிடுங்கிவிட்டார். விபூதி, குங்குமம், மாலை. சந்தனத்தை மட்டும் ஃபிளாப்பி போகிற சந்தில் தாராளமாக அப்பியிருந்தார்.

விடுமுறை முடிந்து காலையில் போட்டால், ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கியதில் டிஸ்க் செத்துக் கிடந்தது. சந்தனம் காய்ந்து ஃபிளாப்பி டிரைவும் அடைத்திருந்தது. முதலாளி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். நான் தினமும் சாயங்காலம் ஃபிளாப்பிகளில் நகல் எடுத்து ஒரு செட்டை வீட்டில் வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். திறந்து பார்க்காத நகல் வெறும் பிளாஸ்டிக், தோழர்களே. டைப்பிஸ்டின் கம்ப்யூட்டரிலிருந்து ஃபிளாப்பி டிரைவைக் கழற்றி இதில் மாட்டி, ஸ்பேர் டிஸ்க்கைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பதினொரு ஃபிளாப்பியையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். மூன்று மணிக்கு எல்லா விவரமும் திரையில் வந்தது.

முதலாளி எழுந்து கந்தவேலுவிடம் சொன்னார்: "அடுத்த வருசம் பெட்டிக்கு மால மட்டும் போதும்யா. சந்தனத்த இந்த ஆளுக்குப் பூசு."

ஆக, மிஷினைப் பார்த்துக்கொள்வது சுலபம். அதன்மேல் பிரியம் வைத்தவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றுவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.