கருந்துளைக்கு வந்த தாய்மாமன் சீர்

என் பெண் கருந்துளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று கடலூரில் யாரிடமும் நான் நேராகச் சொன்னதில்லை. நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பையும் துளையையும் சேர்த்து எப்படிச் சொல்வது? "வானத்தைப் பத்தி படிக்குது" என்பேன். அதைக் கேட்டுவிட்டு என் மளிகைக் கடைக்கு ஜாதகத்தோடு வந்துவிடுவார்கள். பருப்பு வாங்க வந்த ஒரு அம்மா, பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று என் பெண்ணிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

எனக்குப் பத்தாம் வகுப்புதான். ஆனாலும் அவள் சொல்லச் சொல்லக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. நாம் இருக்கிற உலகத்தில் முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்று போக மூன்று வழி. கூடக் காலம் ஒன்று. இதற்கு மேலும் இன்னொரு வழி இருந்தால் கருந்துளை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் அவள் கணக்கு.

"அப்படி ஒரு வழி இருக்குதாம்மா?"

"தெரியாதுப்பா. இருந்தா என்ன ஆவும்னு பாக்கறேன்."

கண்ணால் காணாததை நம்பித்தானே நானும் தினம் விளக்கேற்றுகிறேன். சிதம்பரத்தில் சாமியே ஆகாசமாக நிற்கிறார். வெறும் வெளியைக் கும்பிட்டுப் பழகின குடும்பத்துக்கு இந்தப் படிப்பு ஒன்றும் அந்நியமில்லை என்று எனக்குத் தோன்றும்.

என் கவலை வேறு. வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. கூட்டத்தைக் கண்டால் வாயே திறக்காது. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் நடந்த கூட்டத்தில் பாதியில் நின்றுபோய், கண் கலங்கி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை எனக்குப் போன் செய்தார். "எழுதினது அருமையா இருக்குங்க. ஆனா கடைசியா வாய்மொழித் தேர்வு இருக்கு. வெளியூர்லேருந்து தேர்வாளர் வருவாரு. அவரு கேக்கறதுக்கு இவதான் வாயத் தொறந்து பதில் சொல்லணும். இல்லன்னா பட்டம் தள்ளிப் போயிடும்."

தேர்வு சிதம்பரத்தில், அவள் படிக்கிற பல்கலைக்கழகத்தில். அதன் அறிவிப்பில், பொதுமக்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம் என்று இருந்தது. சும்மா ஒரு சம்பிரதாயம்தான், பத்துப் பேர் வந்தால் பெரிசு என்றாள் பெண். வருகிறவர்களுக்கு டிபன் கொடுப்பது படிக்கிற பிள்ளை வீட்டு வழக்கமாம். வடைக்கும் கேசரிக்கும் சொல்லிவிட்டோம். இதற்கு நடுவில் என் மனைவி அந்த அறிவிப்பை மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிற தன் தம்பிக்குப் போனில் அனுப்பிவிட்டாள்.

அன்று காலை முதலில் கோயிலுக்குப் போனோம். பெண் நெற்றியில் திருநீறு பூசி, "இவ நாக்குல வந்து நில்லு சாமி" என்று வேண்டிக்கொண்டேன். அங்கிருந்து தேர்வு நடக்கிற கட்டடத்துக்கு வந்தால் மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஹாலுக்குள் ஒரு வேன் ஜனம், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தது. மேடைக்குக் கீழே வரிசையாகத் தாம்பாளம். பழம், தேங்காய், பூ, லட்டு, பட்டுப்புடவை. நடுவில் சரிகை வேட்டியில் என் மச்சான்.

"என்னா மச்சான் இது, கல்யாணமா நடக்குது?" என்று பல்லைக் கடித்தேன்.

"பொதுமக்கள் வாங்கன்னு போட்டிருக்கான் மாமா. நாங்க என்னா பொதுமக்கள் இல்லையா? என் அக்கா பொண்ணு டாக்டராவுது, தாய்மாமன் வெறுங்கைய வீசிக்கினு வருவனா?"

பெண்ணைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. "பத்துப் பேர்னுதானப்பா நெனச்சேன்" என்றாள். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

திரையில் படம் காட்டி, எழுதி வைத்திருந்ததைத் தலை நிமிராமல் படித்து முடித்துவிட்டாள். பிறகு தேர்வாளர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். இவள் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பேராசிரியை குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் நல்ல மனுஷர். தண்ணீர் குடிக்கச் சொன்னார். "பரவாயில்ல. முதல்ல பொதுமக்கள் யாராவது கேக்கறதுன்னா கேளுங்க" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

மச்சான் கையைத் தூக்கினான். என் மனைவி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுந்தேவிட்டான்.

"நான் பொண்ணுக்குத் தாய்மாமனுங்க. ஒரு சந்தேகம். நம்ம உலகத்துல கருந்துளை உருண்டையாத்தான் இருக்கும்னு படம் காட்டுச்சு. அந்த இன்னொரு வழி இருந்தா வடை மாதிரி வளையமா இருக்கும், கயிறு மாதிரி நீளும்னு வீட்டுல சொல்லியிருக்கு. இங்க இல்லாத திமிரு அங்க போனா மட்டும் எங்கருந்து வருது?"

ஹாலே சிரித்தது. பெண் நிமிர்ந்தாள்.

"மாமா, உக்காருங்க."

"நீ பதில் சொல்லு, உக்காருறேன். தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்க."

"தெரியாமயா இத்தன வருசம் படிச்சேன்?" வீட்டில் அவனோடு சண்டை போடுகிற அதே குரல். "நீங்க கூட்டியாந்த வேன்ல எல்லாரும் எப்படி வந்தாங்க? நசுங்கி, ஒரே மாதிரிதான உக்காந்து வந்தாங்க? அவுங்கள மைதானத்துல எறக்கி விட்டா வட்டமாவும் உக்காரலாம், நீளமாவும் உக்காரலாம். அது திமிரு இல்ல மாமா, எடம். கூட ஒரு வழி இருந்தா கருந்துளைக்கும் எடம் கெடைக்குது."

"சரி, கயிறு கயிறாவே நிக்குமா?"

"நிக்காது. கொழாய லேசா தொறந்து வுடுங்க. மேல கம்பியா வர்ற தண்ணி கீழ வர்றப்போ துளித்துளியா ஒடையுதில்ல? மெல்லிசான கருந்துளைக் கயிறும் அப்படித்தான். ஒரு எடத்துல வீங்கும், ஒரு எடத்துல இளைக்கும். வளையம் சுத்திக்கினே இருந்தாதான் வளையமா நிக்கும். அதுவும் ரொம்ப மெல்லிசானா ஒடைஞ்சிடும். எவ்ளோ மெல்லிசுல ஒடையும்னு பாக்கறதுதான் என் வேல."

"கருந்துளைக்குள்ள இருக்கறது வெளிய தெரியவே தெரியாதும்பியே. அறுந்துபோற எடத்துல அது வெளிய தெரிஞ்சிடாதா?"

பெண் சிரித்துவிட்டாள். "கிட்டத்தட்ட அதத்தான் மாமா சாரும் கேட்டாரு."

அப்படியே தேர்வாளர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கை ஆடியது, பலகையில் எழுதினாள், அவர் குறுக்கே கேட்டபோது "நோ சார்" என்று மறுத்துக்கூடப் பேசினாள். பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மனைவி தம்பியின் வேட்டியை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அங்கேயே அறிவித்தார்கள். மச்சான் தேர்வாளர் கையிலும் ஒரு தேங்காய்ப்பழத் தட்டைக் கொடுத்து, "நீங்க கேட்டது நல்ல கேள்விங்க" என்று பாராட்டினான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

டிபன் முடிந்து எல்லாரும் கீழே இறங்கிவிட்டோம். வேன்காரர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். பெண்ணைக் காணோம். மேலே போனேன். அறுந்துபோகிற இடத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்று இன்னும் யாருக்கும் தெளிவாகத் தெரியாதாம். தேர்வாளர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, இவள் கையில் பாதி வடையை வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் அவரோடு வந்திருந்த மாணவர்கள் நாலைந்து பேர், அவளுக்கு முன்பின் தெரியாதவர்கள். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் கூப்பிடவில்லை. கீழே வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் ஆவும், வண்டிய நிழல்ல போடுங்க" என்று வேன்காரரிடம் சொன்னேன்.