காவி நிறத்தில் வந்த மாப்பிள்ளை

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஒரு வரன் வந்தது. அப்போது நான் நைனாவோடு பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குச் சென்னைத் துறைமுகத்தில் வேலை. ரயிலில் வரும் இரும்புத் தாதைக் கப்பலில் கொட்டும் இடத்தில். அவருடைய அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்க, இவர் ஷிப்டு முடிந்த கையோடு பொன்னேரியில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். முகம் கழுவியிருந்தார். ஆனாலும் காது மடல், புருவம், சட்டைக் காலர் எல்லாம் சிவப்பு.

அவர்கள் போனதும் நைனா சொன்னார்: "ஒடம்பெல்லாம் காவியா கீது. வேலைக்குப் போறானா, சாமியாராப் போறானா? இந்தத் தூசியைத் துன்னுட்டு எத்தினி நாள் இருப்பான்? வேணாம்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. "பாக்காமயே வேணான்னா எப்படி நைனா? அந்த எடத்தை ஒரு தபா பாத்துட்டு வரலாம்" என்றேன். பெண் போய் மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் நைனாவுக்கும் கப்பல் பார்க்க ஆசைதான்.

ராயபுரத்தில் ரயில் இறங்கினோம். அவர் காத்திருந்து எங்களைக் காசிமேட்டுக் கரைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தே தெரிந்தது. நீண்ட இரும்புக் கை ஒன்றிலிருந்து சிவப்புத் தூள் கப்பலுக்குள் விடாமல் கொட்டியது.

"இவ்ளோ பெரிய கப்பல் தரை தட்டாதா?" என்று கேட்டார் நைனா.

"அதுக்குத்தான் மாமா ஆழமா தோண்டி வச்சிக்கீறாங்க."

நான் அவரிடம் நேராகவே கேட்டேன்: "தூசி மூக்குல போவாதா?"

"போவும்" என்றார்.

மழுப்புவார் என்று நினைத்திருந்தேன். "ஈரத்துணி கட்டிக்குவீங்களா?"

"கட்டிக்கிறேன்."

திரும்பும் ரயிலில், "இவரையே பண்ணிக்கிறேன் நைனா" என்றேன். மீஞ்சூர் வரை நைனா கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அப்புறம், "பொய் பேசத் தெரியாதவன்" என்றார்.

கல்யாணமாகி ராயபுரத்தில் குடித்தனம். வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்த மூக்குத் துணி சிவந்திருக்கிறதா என்றுதான் வாங்கிப் பார்ப்பேன். ஒருநாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. புழுக்கமாக இருந்ததென்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டாராம். அன்று சோற்றுக்கு முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு அவிழ்க்கவில்லை. அவரைப் பார்த்துக் கூட இருந்தவர்களும் கட்ட ஆரம்பித்தார்கள்.

ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை உள்ளே விட்டார்கள். தாது போகும் பெல்ட்டை நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். நைனா ஒரு தாதுக் கட்டியைக் கையில் எடுத்தார். "இத்தினியூண்டு கல்லு, இன்னா கனம்! பெல்ட்டு ஓடுறதை ஒரு தபா காட்டு மாப்ள."

"பூஜையன்னிக்கு ஓடாது மாமா."

"அப்ப நாளைக்குப் பாக்குறேன்" என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.