பீரோவுக்குள் இருந்த கம்ப்யூட்டர்

அட்டைகளைக் கட்டி வைக்க ரப்பர் பேண்டு உதவாது. மெட்ராஸ் வெயிலில் அது இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் அட்டையின் ஓரமும் கூடவே வந்துவிடும். பாவாடை நாடாதான் நல்லது. அதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. ஓரம் ஒரு நூல் மடங்கினாலும் இயந்திரம் அந்த அட்டையைக் கடித்துத் துப்பிவிடும். புது அட்டை வாங்கினால் ஒன்றை உருவித் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆடாமல் படிந்து கிடந்தால் வாங்கலாம், ஆடினால் ஈரம் ஏறிய சரக்கு.

இன்று யாராவது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன், எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று கேட்டால் எனக்கு முதலில் வாயில் வருவது இந்த யோசனைகள்தான். ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தெரியும். ஆனாலும் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டவை என்பதால் மறக்க மாட்டேன் என்கின்றன.

எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது என்று சொன்னால் அது பொய். கம்ப்யூட்டர் அடையாறுக்கு அப்பால் ஒரு குளுகுளு கூடத்தில் இருந்தது. என்னைப் போன்ற வெளியாட்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் இருந்தது அதற்குக் கொடுக்க வேண்டிய அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் வரிசையாகத் துளைகள். முன்பாதி, என்ன கணக்குப் போட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது. பின்பாதி, தமிழ்நாட்டு மாவட்டங்களில் பல வருஷங்களாகப் பெய்த மழையின் அளவு. அதை வைத்துத்தான் என் ஆராய்ச்சி. இரண்டுக்கும் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரே ஓர் அட்டை. இதுவரை கட்டளை, இனிமேல் மழை அளவு என்று இயந்திரத்துக்கு அடையாளம் காட்டுவது அது.

அட்டைகளை மையத்திலேயே விட்டுவிட்டு வர வெளியாட்களுக்கு இடம் கிடையாது. முறை வரும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுநாள் போய் அட்டைகளையும் அச்சடித்த தாளையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஆகவே என்னுடைய ஆராய்ச்சி முழுவதும் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, பாச்சை உருண்டை வாசனையில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி வந்துவிடுமோ என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை பீரோவைத் திறப்பேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் மாமியாரும். என் கணவருக்கு அப்போது பம்பாயில் வேலை. மாமியார் தமிழ் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. மருமகள் கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, ஆனால் அதை என்னிடம் காட்ட மாட்டார். பக்கத்து வீட்டு மாமிகளிடம் சொல்வது சமையலறை ஜன்னல் வழியாக என் காதில் விழும். "அவ மழையை எண்ணிண்டிருக்கா" என்பார். அந்தப் பெட்டி விஷயத்தில் நான் போட்ட சட்டங்களை எல்லாம் அவர் என்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஈரக் கையால் தொடக் கூடாது. வெயிலில் காயவைக்கக் கூடாது, அட்டை சுருண்டுவிடும். ஏதாவது அழுக்கோ கறையோ பட்டால் அந்த அட்டையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் கெட்டுவிடும். இதை எல்லாம் அவர் வேலைக்காரிக்கும் ஒப்பித்து வைத்திருந்தார்.

அந்த வருஷம் எனக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்குப் போக நாள் பார்த்தாகிவிட்டது. அண்ணா வந்து அழைத்துப் போவான். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியரோ பொங்கலுக்குள் வெளிநாடு கிளம்புகிறார். அதற்குள் முடிவுகளைக் கையில் கொடுக்காவிட்டால், வேறொருவரிடம் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். கைக்குழந்தையோடு எந்தப் பெண் அதைச் செய்தாள், எனக்குத் தெரிந்து? ஊருக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு முறை பாக்கி இருந்தது. அது விஜயதசமி அன்று; இயந்திரத்துக்கு லீவு கிடையாது. அதில் கணக்கு சரியாக வந்தால் நான் தப்பித்தேன். வராவிட்டால் படிப்புக்கு முழுக்குதான். ராத்திரி குழந்தை வயிற்றில் புரளும்போது எனக்கு அட்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்காகவும் ஒரு பயம் வரும், இப்படி ஒரு தாய் உண்டா என்று.

சரஸ்வதி பூஜை அன்று காலையில் கால் வீக்கத்தால் கொஞ்ச நேரம் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால், பூஜை அறையில் மனைப்பலகைமேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் உச்சியில் என் தகரப் பெட்டி! மூடிமேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். கதம்பத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா! இதை ஏன் எடுத்தேள்?"

"ஏண்டி அலர்றே? படிப்புன்னா சரஸ்வதிகிட்ட வெக்க வேண்டாமா? மாசமா இருக்கறவ இப்படிக் கத்தப்படாது."

"உள்ளே தண்ணி போயிடுமே! நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு நான் குடுத்தாகணும்."

"மூடியிருக்கு. ஜாக்கிரதையாத்தான் வெச்சிருக்கேன். மிஷினுக்கு ஒரு கெடுதலும் வராது. நாளைக்குப் புனர்பூஜை பண்ணாம இன்னிக்குத் தொடப்படாது, தெரியுமோல்லியோ?"

தெரியும். அதுதான் சங்கடமே. எனக்கு இந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது என்று கல்லூரியில் வாய் கிழியப் பேசுவேன். ஆனால் வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பூஜையில் வைத்த பெட்டியைப் பாதியில் தூக்க எனக்குக் கை வரவில்லை. நாள் முழுக்க பூஜை அறை வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குத்துவிளக்கு பக்கத்தில் இருக்கிறதே, ஊதுபத்திச் சாம்பல் விழுகிறதே, சுண்டல் பாத்திரம் மேலே சாய்ந்துவிடப் போகிறதே என்று ஒவ்வொன்றுக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். மாலையில் மழை வேறு பிடித்துக்கொண்டது. மாமியார் வந்து கதம்பத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியின் மூடியைத் தன் முந்தானையால் ஒற்றினார்.

மறுநாள் விடியும் முன்பே குளித்துவிட்டு எனக்காகப் புனர்பூஜையை முடித்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேல் அட்டைகள் உலர்ந்து, சுத்தமாக இருந்தன. உயிர் வந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க நேரம் இல்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒயர் கூடையில் இறக்கி, லஸ் முனையில் பஸ் ஏறினேன். குடை பெட்டிக்குத்தான், எனக்கில்லை. கண்டக்டர் எனக்காக ஓர் ஆளை எழுப்பிவிட்டு இடம் பிடித்துக் கொடுத்தார்.

"இன்னாம்மா, வயித்துப் புள்ளையோட இம்மாம் பெரிய பொட்டியத் தூக்கினு வர்றே? உள்ள இன்னா கீது?"

"மழை" என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

"அதான் வெளிய கொட்டுதே" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனேன். கணக்கு சரியாக வந்திருந்தால் தாள் கட்டாக இருக்கும், இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருக்கும். ஜன்னல் வழியாக எனக்கு நீட்டியது ஒற்றைத் தாள். பெஞ்சில் உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டினேன். வெள்ளை, வெள்ளை, எல்லாம் வெள்ளை. ரோஜா அட்டையைக் காணோம்.

அட்டையில் துளை போடும் பெண் இரக்கப்பட்டு அப்போதே புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தாள். அதை இடத்தில் செருகிவிட்டேன். ஆனால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்துத்தான். அதற்கான அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேராசிரியரிடம் போய் நின்றேன். "யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம். ஆனால் ஏதாவது ஒரு தப்பு வந்து திரும்பி வரும், திரும்ப அலைய வேண்டும். உனக்காக யார் அலைவார்கள்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

வீட்டுக்கு வந்தால், பூமாலையை எடுத்துவிட்ட சரஸ்வதி படத்தில், அதுவரை மாலை மறைத்திருந்த ரோஜா அட்டை சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் சந்தனம், குங்குமம்.

"இதை நீங்களா எடுத்தேள்?"

"ஆமாம். எல்லாத்துலேயும் இட்டா மிஷின் கெட்டுப்போயிடுமேன்னு நீ படுத்துண்டிருந்தப்போ ஒண்ணே ஒண்ணுல இட்டேன். கலர் மங்களகரமா இருந்தது. கறை பட்டதை வெளியில எடுத்துடணும்னு நீதானே சொன்னே? ஞாபகமா எடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. "ஒரு அட்டைதானேன்னு நினைச்சேளா? அதோட என் படிப்பும் போச்சு!" என்று கத்தினேன். விஷயத்தைச் சொன்னேன், பேராசிரியர் சொன்னதையும் சொன்னேன். மாமியாருக்கு முகம் வெளிறிப் போய்விட்டது. அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஊருக்குக் கிளம்பும் அன்று பெட்டியை பீரோவில் வைக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்று, மூடிமேல் இருந்த அனுமதிச் சீட்டைக் காட்டினார். "இந்தச் சீட்டு எதுக்கு?" என்று கேட்டார்.

"அடுத்த முறைக்கு. இனிமே எதுக்கு அது? கிழிச்சுப் போடுங்கோ."

அவர் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திருநெல்வேலியில் எல்லோரும் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். எனக்கோ எதுவும் ஒட்டவில்லை. பேப்பரில் மெட்ராஸில் கனமழை என்று வந்தால், மயிலாப்பூர் வீட்டின் அந்த அறையில் சுவர் ஈரம் கசிந்து ஓதம் காக்குமே என்று தோன்றும். ஓதம் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன, அதுதான் முடிந்துபோன விஷயமாயிற்றே என்றும் தோன்றும். மாமியாரிடமிருந்து போஸ்ட் கார்டு வரும். உடம்பைப் பார்த்துக்கொள், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாயா, இவ்வளவுதான். பீரோவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. இன்னும் என்மேல் கோபம் என்று நினைத்தேன். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

மார்கழி ஆரம்பத்தில் பெண் பிறந்தாள், பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் புண்யாகவாசனத்துக்கு மெட்ராஸிலிருந்து மாமியார் மட்டும் முதலில் வந்தார். ரயில் புழுதியோடு, கலைந்த தலையோடு நேரே என் அறைக்குள் நுழைந்தார். கையில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு பெரிய மூட்டை. அதை என் கட்டிலில் வைத்துப் பிரித்தார். கட்டுக் கட்டாக அச்சடித்த தாள்.

"நாலு தடவை போனேன்" என்றார். "முதல் தடவை அந்தச் சீட்டைக் காட்டியும் என்னை உள்ளேயே விடலை. ரெண்டாம் தடவை அட்டை ஒண்ணு கிழிஞ்சுடுத்துன்னு திருப்பிக் குடுத்துட்டா. அங்கே துளை போடற பொண்ணு இருக்காளே, தங்கமான பொண்ணு, அவ காலை மட்டும்தான் பிடிக்கலை நான். அவதான் வேற போட்டுக் குடுத்து, அவா பெரியவர்கிட்ட சொல்லி நடுவுல ஒரு முறை வாங்கிக் குடுத்தா. மழைன்னா மழை. பெட்டியை அரிசி டிரம் மேலதான் வெச்சிருந்தேன், அங்கேதான் ஓதம் இல்லை. உனக்கு எழுதலாம்னு பார்த்தேன். சரியா வரலைன்னா ரெண்டாந்தரம் ஏமாந்துபோவியேன்னு எழுதலை."

அடுத்த அறையில் தூளியில் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. நான் எழுந்திருக்கப் போனேன். மாமியார் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அழட்டும். உங்கம்மா பார்த்துப்பா. நீ முதல்ல இதைப் பாரு. எனக்கு ஒரு எழுத்தும் புரியலை. சரியா வந்திருக்கா, இல்லையா?"

அவர் உட்காரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசிப் பக்கத்தை எடுத்து, அங்கிருந்த எண்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தேன்.

"வந்திருக்கும்மா" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அதற்குப் பிறகுதான் அவர் கை கால் கழுவிக்கொண்டு தன் பேத்தியைப் பார்க்கப் போனார்.