எறும்பின் பெயர் கொண்ட ஆசிட்

காஜா பெராங்கில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தோட்டத்து ரப்பர் கொட்டகையில், ஆசிட் ஊற்றி ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் வேலை சேதுபதியுடையது. எதையும் சும்மா விடமாட்டார். ஏன், எதற்கு என்று கேட்டே என் உயிரை எடுப்பார். எனக்கும் நாலு எழுத்துப் படித்த திமிர். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

ஐம்பத்தேழாம் வருஷம், மலாயா சுதந்திரத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஆசிட் ஜாடியில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டி, பார்மிக் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். லத்தீன் மொழியில் எறும்புக்கு பார்மிகா என்று பெயர், முதன்முதலில் எறும்புகளை வடித்துத்தான் வெள்ளைக்காரர்கள் இதை எடுத்தார்கள் என்று விளக்கினேன்.

"அப்ப எறும்பு கடிச்சா எரியுதே, அதுவும் இதுதானா கிராணி?"

அதேதான் என்றேன். அன்று முழுக்க வருவோர் போவோரிடமெல்லாம் அவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அவர் மனைவி சந்திரமதி, தண்ணீர் கலந்த ஆசிட் வாளியைத் தூக்கி வரும்போது வழுக்கி விழுந்தார். இடது கண்ணில் தெறித்துவிட்டது. நான் ஓடிவருவதற்குள் சேதுபதி மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். எறும்புக் கடிக்கு எங்கள் ஆட்கள் தடவுவது சுண்ணாம்புதானே. அதை விரலில் எடுத்து அந்தக் கண்ணுக்குள்ளேயே வைத்தார். தண்ணீர்த் தொட்டி இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, எறும்புக் கடிதான் இது" என்று அவர் சொன்னது அந்த அலறலிலும் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவரையும் தனியே அழைத்தார். உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் கண் பிழைத்திருக்கும், சுண்ணாம்புதான் கெடுத்தது என்றார். சேதுபதி என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பாவி மனுஷன் திரும்பி மனைவியின் கட்டிலுக்கே போய்விட்டார்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சந்திரமதி சொன்னது ஒன்றுதான்.

"இவரு மட்டும் அன்னிக்கு உடனே சுண்ணாம்பு வைக்கலன்னா, இன்னொரு கண்ணும் போயிருக்கும்."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று நானும் எத்தனையோ முறை கிளம்பிப் போயிருக்கிறேன். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது எனக்கு வாய் வராது. சேதுபதியும் கையை உருவிக்கொள்ளாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.