புதியவர்களுக்கான ஐந்தாம் குறிப்பு

காளப்பநாயக்கன்பட்டி கடைவீதியில் உரக்கடைக்கு மேல்மாடியில் தரணிதரன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அதைக் கூட்டித் துடைத்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, மத்தியானம் அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் காவலுக்கும் உட்கார்ந்தவள் ருக்குமணி. கொல்லிமலைக்காரி. மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். ஏன் மலையை விட்டு இறங்கினாய் என்று யாராவது கேட்டால் பிழைப்புக்கு என்பாள். அது பச்சைப் பொய். அவளை இறக்கி விட்டது ஊர் வாய்.

புருஷன் செங்கோடன் மலைக்கும் அடிவாரத்துக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் ஆடி மாதம், காரவள்ளிக்கு மேலே ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் உருண்டது. அவனும் போனான், வண்டியில் வந்த இரண்டு பேரும் போனார்கள். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது இடது கை வெறும் கையாக இருந்தது. வாட்ச் இல்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். செங்கோடனின் அண்ணன் மாதேஸ்வரன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"காலையிலயே வாட்ச வித்துக் குடிச்சிருக்கான். இல்லாட்டி கையில இருக்கோணுமில்ல?"

அவ்வளவுதான். தம்பியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் சொன்னாரோ, செத்தவர்கள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்கிற பயத்தில் சொன்னாரோ, அந்த ஒரு சொல் மலை முழுக்கப் பரவியது. செங்கோடன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. அவள் சொன்னால் பொண்டாட்டி பரிந்து பேசுகிறாள் என்றார்கள். சந்தைக்குப் போனால் இரண்டு உயிரைக் குடித்தவன் பொண்டாட்டி என்று காதுபடவே பேசினார்கள். ஒரு வருஷம் தாங்கினாள். அப்புறம் துணிமூட்டையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாட்சை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். தினம் சாவி கொடுக்க வேண்டிய பழைய மாதிரி வாட்ச். வார் அறுந்தபோது செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து சைக்கிள் சீட்டுத் தோலில் புது வார் போட்டாள். செங்கோடனுக்கு மணிக்கட்டு ஒல்லி, கடைசித் துளையிலும் தொளதொளவென்று ஆடும். ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தானே இன்னொரு துளை போட்டாள். கை வழுக்கி அது கோணலாய்ப் போயிற்று. அந்த வாட்ச் எங்கே என்று தெரிந்தால் அவன் பேர் மீளும். அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு கவலை இருக்கவில்லை.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம். சென்டரில் காலையில் டைப்பிங் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் விளையாட்டு. பூதமும் எலும்புக்கூடும் அடைந்து கிடக்கிற குகைக்குள் வாளும் கேடயமுமாய் ஒரு வீரனை இறக்கிவிட்டு விளையாடுகிற விளையாட்டு. அதில் குணசேகரனை அடிக்க ஆளில்லை. இருபத்தேழு வயது, அடிவாரத்தில் சொந்தக் காடு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வெள்ளாமை. புதிதாக வருகிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் 'அண்ணா இது எப்படி, அது எப்படி' என்று அரித்ததில் எரிச்சலாகி, ஒரு வெள்ளைத்தாளில் 'புதுசா விளையாடறவங்களுக்கு' என்று தலைப்புப் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டான்.

ருக்குமணிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு ஒருநாள் படித்தாள். முதல் காசில் பெரிய வாள் வாங்காதே, கேடயமும் உயிர் மருந்தும் வாங்கு என்றிருந்தது. கூட்டமாய் வந்தால் நடு அறைக்கு ஓடாதே, வாசலில் நில், ஒவ்வொன்றாகத்தான் வர முடியும் என்றிருந்தது. அட, கிழங்குக் காட்டில் பன்றி விரட்டுகிறவனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும், வேலியில் சந்து இருக்கிற இடத்தில்தானே நிற்பான் என்று நினைத்துக்கொண்டாள். தூக்க முடிகிற கவசத்தை மட்டும் போடு, உடைவதற்கு முன்பே ஆயுதத்தைக் கொல்லனிடம் காட்டு. எல்லாம் புத்தியுள்ள பேச்சாகத்தான் இருந்தது. ஐந்தாவதைப் படித்ததும் முகம் சுருங்கியது. 'செத்தவனைத் தேடாமல் நகராதே. நல்ல சாமான் எல்லாம் அவன் மேல்தான் இருக்கும்.'

திரும்பிப் பார்த்தாள். குணசேகரன் அதையேதான் செய்துகொண்டிருந்தான். கீழே விழுந்த உடம்பின் மேல் குனிந்து தலைக்கவசம், இடுப்புவார், மோதிரம் என்று ஒவ்வொன்றாய் உருவினான்.

"ஏனுங்க தம்பி, செத்தவன் மேல கெடக்கறத இப்புடி உருவறீங்களே, மனசுக்கு ஒப்புதுங்களா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவனுக்கு இனி எதுக்குக்கா? மணி பாத்து என்ன ஆவப்போவுது அவனுக்கு?"

அப்படியே நின்றுவிட்டாள். திரையில் கிடந்தவனிடம் கோடாரி இருந்தது, கேடயம் இருந்தது. வாட்ச் இல்லை. அந்தக் குகையில் எவன் கையிலும் வாட்ச் இல்லை. இவனுக்கு ஏன் மணி நினைவு வந்தது? குணசேகரனும் சொன்ன பிறகுதான் உணர்ந்தவன்போல ஒரு கணம் கை நின்று, மறுபடி ஆட்டத்துக்குள் புகுந்துவிட்டான்.

அவன் போன பிறகு தரணிதரனிடம் சாதாரணமாய்க் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்தத் தம்பிக்குக் காடு எந்தப் பக்கமுங்க?"

"காரவள்ளிப் பக்கமுங்க்கா, மலைக்கு ஒட்டுனாப்புல. அஞ்சு வருசத்துக்கு முன்னால ஜீப்பு உருண்டுச்சே, தெரியுங்களா? இவந்தான் மொத ஆளா ஏறி ஓடுனது."

தரணிதரனுக்கு அவள் மலைக்காரி என்று தெரியும், புருஷன் இல்லாதவள் என்று தெரியும். எந்த ஜீப், யார் பொண்டாட்டி என்று அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். பாதிப் படியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாய்த் தேடினது ஒரு கை நீட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது.

சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன செய்வாள்? அவன் காடு தோட்டம் உள்ள வீட்டுப் பையன், இவள் கூட்டுகிறவள். யார் பேச்சு எடுபடும்? அவன் வாயால் அவனே சொல்ல வேண்டும். அதற்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மறுநாள் போய், "எனக்கும் சொல்லிக் குடுங்க தம்பி" என்றாள். சென்டரே சிரித்தது. குணசேகரனும் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கற்றுக்கொண்டாள். மவுஸ் பிடிக்க ஒரு வாரம், வீரனைச் சாகாமல் நடத்த ஒரு மாதம். எதிரி கையை ஓங்குகிறபோதே விலகி, கை இறங்கின பிறகு அடித்தாள். உயிர் பாதி குறைந்ததும் வீராப்பு பார்க்காமல் மருந்து குடித்தாள். பெட்டியைத் திறப்பாள், பீப்பாயை உடைப்பாள், கிடைத்த காசுக்குக் கேடயம் வாங்குவாள். செத்தவன் பக்கம் மட்டும் போகமாட்டாள். மூன்றாவது குகைக்கு வந்தபோதும் அவள் வீரன் கிழிசல் துணிதான் உடுத்தியிருந்தான். குணசேகரனுக்குத் தலைவலியாய்ப் போயிற்று.

"அக்கா, அந்தா கெடக்குது பாருங்க இரும்புச் சட்டை. எடுத்துப் போட்டா என்னங்க்கா? எத்தன நாளைக்கு இந்தத் துணியோட திரிவீங்க?"

"வேண்டாமுங்க. அவங்க ஊட்டுல தேடுவாங்க."

மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவளுக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போயிருந்தது. எதற்காக வந்து உட்கார்ந்தோம் என்பதைச் சில நாள் மறந்தே போவாள். மறந்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போய் அழுவாள்.

மாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம். ஐந்து கம்ப்யூட்டரில் ஐந்து பேர், எல்லோரும் ஒரே குகைக்குள். குணசேகரன் எழுதி ஒட்டியதை அவனே மீறினான். பெரிய பூதத்தைக் கண்டதும் வாசலை விட்டு உள் அறையின் நடுவுக்குப் பாய்ந்துவிட்டான். பூதமும் செத்தது, அவனும் செத்தான். அந்த விளையாட்டில் செத்தவன் ஊர்ச் சத்திரத்தில் வெறும் உடம்போடு எழுந்திருப்பான். கவசமும் வாளும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பி ஓடிவந்துதான் எடுக்க வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எட்டு மாதம் பாடுபட்டுச் சேர்த்த சாமான் அது. நீல வெளிச்சம் அடிக்கிற அந்த வாளுக்காகப் பிள்ளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு திரிந்தார்கள்.

மற்ற மூன்று பேரும் அதை எடுக்கப் பாய்ந்தார்கள். உள் அறைக்கு ஒரே வாசல். ருக்குமணியின் கிழிசல் துணி வீரன் கேடயத்தை நீட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றான்.

"அக்கா, நகருங்க. இல்லாட்டி நீங்களாவது எடுங்க."

"யாரும் எடுக்கக்கூடாதுங்க சாமி. அவரு வருவாரு."

பின்னாலிருந்து எலும்புக்கூடுகள் வந்தன. ஒவ்வொன்றாய் அடித்தாள். உயிர் கால்வாசியாய்க் குறைந்தது, மருந்து தீர்ந்தது. நகரவில்லை. குணசேகரன் ஊரிலிருந்து வெறுங்கையோடு ஓடிவர ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த ஏழு நிமிடமும் அவன் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தபடி விசையை அமுக்கினான். அவன் வீரன் வந்ததும் விலகி வழிவிட்டாள். கவசம், வாள், மோதிரம், எல்லாம் கிடந்தது கிடந்தபடி இருந்தது.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா, பாத்துக்கங்க" என்றாள். "செத்தவரு சாமானத்த முழுசாக் குடுக்கோணுமில்லீங்களா? ஒண்ணு கொறஞ்சாலும் செத்தவரு பேர்லயே பழி போட்டுருவாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு அப்புடித்தான் போட்டாங்க. ஜீப்பு ஓட்டுனவருங்க அவரு. கையில வாட்ச் இல்லேன்னதும், வித்துக் குடிச்சுட்டுத்தான் வண்டிய உருட்டுனான்னு சொல்லிப்போட்டாங்க."

குணசேகரன் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து படியிறங்கிப் போய்விட்டான்.

அடுத்த நாள் காலை அவள் கதவைத் திறந்தபோது படியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து, முதல் வேலையாகச் சுவரில் இருந்த ஐந்தாம் குறிப்பைப் பேனாவால் அடித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் பிரித்தான். சைக்கிள் சீட்டுத் தோல் வார். கோணல் துளை. டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நின்றுபோன வாட்சைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"ஒருநாள்கூடக் கட்டுனதில்லீங்க்கா" என்றான். "தூக்கி மடியில போட்டேன், உசுரு இல்ல. கையில வாட்ச் பளபளன்னுச்சு. ஏன் கழட்டுனேன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியலீங்க. திருப்பிக் குடுக்கத் தைரியமில்ல, வீசவும் மனசு வல்ல. தெனம் காத்தால எட்டு மணிக்குச் சாவி மட்டும் குடுத்துட்டிருந்தேன். ஆனா அவரு பேர்ல இப்புடி ஒரு பழி உழுந்துச்சுன்னு சத்தியமாத் தெரியாதுங்க."

"எங்கிட்டக் குடுக்காதீங்க. மலைக்கு வந்து எங்க ஊட்டு ஆளுங்க முன்னால சொல்லிப்போட்டுக் குடுங்க."

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். ஒன்பதாவது வளைவில் இருவருமே வெளியே பார்க்கவில்லை. இருபது வளைவு தாண்டின பிறகு அவன் மெல்லக் கேட்டான்.

"நாந்தான்னு முந்தியே தெரியுங்களா?"

"மணி பாத்து என்ன ஆவப்போவுதுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியுமுங்க."

"அது ஆறு மாசமாச்சுங்களே. ஏங்க்கா கேக்கல?"

"கேட்டிருந்தா இல்லேன்னு சொல்லியிருப்பீங்க."

அவன் சட்டைப் பையில் இருந்த வாட்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மாதேஸ்வரன் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து கூடினார்கள். குணசேகரன் கைகட்டிக்கொண்டு சொன்னான்.

"செத்தவரு கையிலிருந்து நாந்தானுங்க கழட்டுனேன். அவரு விக்கலீங்க. குடிக்கவும் இல்லீங்க. மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சுத் தூக்குனவன் நான். சாராய வாடையே இல்லீங்க."

மாதேஸ்வரன் வாட்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோணல் துளையில் விரல் வைத்தார். அந்தத் துளையை ருக்குமணி போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் பண்ணினவரே அவர்தான். வாய் கோணிக்கொண்டு போயிற்று. மிளகுப் பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப எந்தம்பிய நானேவா" என்று ஆரம்பித்துத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ருக்குமணி அழுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை.

"மாமா, கூடச் செத்தாங்களே ரெண்டு பேரு, அவங்க ஊட்டுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. குடிச்சான்னு அங்க போய்ச் சொன்னதும் நீங்கதானுங்களே. இந்தத் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க."

மாதேஸ்வரன் வாட்சை அவள் கையில் வைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் முன்னால் நடக்க, குணசேகரன் பின்னால் போனான். கூடி நின்றவர்களில் ஒருத்தர்கூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி எட்டே கால் ஆகியிருந்தது. ருக்குமணி வாசல்படியில் உட்கார்ந்து வாட்சுக்குச் சாவி கொடுத்தாள்.