ரேகை தொலைத்த கொத்தனார்

ராக்கப்பன் சார்ஜாவில் வந்து இறங்கிய ஐந்தாம் நாள், கண்ணாடித் தகடு பதித்த ஒரு சின்ன இயந்திரம் அவருக்கு விரல்களே இல்லை என்று சொல்லிவிட்டது.

விரல்கள் இருந்தன. பத்தும் இருந்தன. அந்தப் பத்தையும் பார்த்துத்தான் கம்பெனி அவரை எடுத்திருந்தது. மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நடந்த செய்முறைத் தேர்வில் நாற்பது பேர் டைல்ஸ் ஒட்டினார்கள். ராக்கப்பன் ஒட்டிய கற்களுக்கு நடுவே நகநுனிகூட இறங்கவில்லை. கமுதிப் பக்கத்துக்காரர், பதினாறு வயதில் கரண்டி பிடித்தவர், சென்னையிலும் பெங்களூரிலும் அவர் போட்ட தரையில் எத்தனையோ பேர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். தேர்வு வைக்க வந்தவர் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் கையைத்தான் தேடி வந்தோம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தக் கை எப்படி அப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை. சிமென்டும், கறை எடுக்கும் ஆசிடும், கல் தேய்க்கும் வட்டும் இருபத்தெட்டு வருடம் தின்று தீர்த்த பின் விரல் நுனியில் மிஞ்சியது, இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழப்பான தோல். அதில் கோடு என்று ஒன்றுகூட இல்லை.

வேலை விசாவில் வருகிறவர்கள் அறுபது நாளுக்குள் ரத்தப் பரிசோதனை முடித்து, கைரேகை கொடுத்து, அடையாள எண் வாங்கிவிட வேண்டும். பதினைந்து இலக்கம் கொண்ட எண். அது இருந்தால்தான் வங்கியில் சம்பளம் விழும், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவார்கள், பெரிய சைட்டுகளின் கேட் திறக்கும். ராக்கப்பனையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி ரேகை எடுக்கும் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு பேர் கையை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, எழுந்து போனார்கள். ராக்கப்பன் வைத்தார். சிவப்பு.

கவுன்டரில் இருந்த அந்த நாட்டுப் பெண் நல்ல மாதிரி. இன்னும் அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். துடைத்தார். நெற்றியில் விரலைத் தேய்த்து அந்த எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னாள். அதையும் செய்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு வங்காளி தன் நெற்றியையும் இரவல் தரத் தயாராக இருந்தார். இயந்திரம் மசியவில்லை. கைக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு வரும்படி அவள் சொல்லி அனுப்பினாள்.

கம்பெனியின் ஹெச்ஆர் அதிகாரி விஜயபாஸ்கருக்கு ஓய்வு என்ற சொல்லைச் சட்டென்று தமிழில் புரிந்துகொள்ள முடியவில்லை. கோயம்புத்தூர்க்காரர், எம்பிஏ படித்தவர், கழுத்தில் தொங்கும் அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறவர். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. மறுநாளே ராக்கப்பனை, கேட் பாஸ் கேட்காத ஒரு சின்ன வில்லா சைட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே நீச்சல் குளத்துக்குச் சில்லுக் கல் ஒட்டும் வேலை. இரண்டு வாரம் ஒட்டினார். திரும்பப் போய்க் கையை வைத்தபோது முதல் தடவை மங்கலாகவாவது தெரிந்த இடது சுண்டுவிரலும் போயிருந்தது.

விஜயபாஸ்கர் அவரைத் தன் கேபினுக்கு வரவழைத்தார். இயந்திரம் கொடுத்த தாளை மேஜையில் வைத்துத் தட்டினார்.

"ஏப்பா, எல்லாருக்கும் இருக்குது. உனக்கு மட்டும் எப்படி இல்லாம போகும்? ரேகைய எங்கதான் தொலைச்ச?"

"கடேசியா இருந்தது உங்க சைட்லதான் சார்," என்றார் ராக்கப்பன். கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

ஐம்பதாவது நாள் நெருங்கியது. அறுபது தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம், அதைக் கட்ட வேண்டியது கம்பெனி. இது தெரிந்ததும் மேலிடத்திலிருந்து விஜயபாஸ்கருக்கு ஒரு மெயில் வந்தது. அதுவரை தொழிலாளிக்கு இதயம் இருப்பதையே கவனிக்காத நிர்வாகம், அவருக்குக் கை இருப்பதை முதல் தடவையாகக் கவனித்தது. அதிகாரிகளைப் பார்த்துப் பேசிக் கொஞ்சம் அவகாசம் வாங்கினார்கள். பிறகு தொழிலாளர்கள் தங்கும் கேம்பின் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஓர் ஆணை ஒட்டப்பட்டது. ராக்கப்பன் மூன்று வாரத்துக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது. பாத்திரம் கழுவக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, வெங்காயம் உரிக்கக்கூடாது. காலை, மதியம், இரவு மூன்று வேளை கிரீம் தடவி, பருத்திக் கையுறை போட்டிருக்க வேண்டும். கேம்பை மேற்பார்க்கும் கேம்ப் பாஸ் தினமும் இரண்டு உள்ளங்கைகளையும் போட்டோ எடுத்து ஹெச்ஆருக்கு அனுப்ப வேண்டும்.

கேம்ப் பாஸ் ஞானையா குளச்சல்காரர். ஒருகாலத்தில் கடலில் வலை இழுத்தவர், இப்போது முந்நூறு பேர் தூங்கும் கட்டடத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டியிருப்பவர். ஆணையைப் படித்து முடித்துவிட்டு ராக்கப்பனைத் தேடி வந்தார். கையில் ரோஜாப் படம் போட்ட கிரீம் டப்பா.

"எடே மக்களே, எனக்கும் ரேகை கெடையாது கேட்டியா? கயிறு இழுத்து இழுத்துப் போச்சு. நான் வந்த காலத்துல ஒரு பயலும் வெரலக் கேக்கல்ல. மொகத்தப் பாத்தான், ஒரு நம்பரு போட்டுத் தந்தான். இப்ப மொகத்த யாரு பாக்கா?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து அவர் கையில் தடவ ஆரம்பித்தார்.

ராக்கப்பனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஐம்பத்தைந்து வயது ஆள் தன் கையைப் பிடித்து நீவிவிடுகிறார். வேண்டாம் அண்ணாச்சி, நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். ஆணையில் அப்படி எழுதவில்லை என்று ஞானையா சொல்லிவிட்டார். முதல் மூன்று நாள் ராக்கப்பன் கட்டிலில் ஓர் ஓரமாக, குற்றம் செய்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஏழு பேர் விடிவதற்கு முன் பஸ் ஏறிப்போனார்கள். இவர் வெள்ளைக் கையுறையோடு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார்.

நான்காம் நாள் அவருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. ஒரு வாரத்தில் சுகம் பிடித்தது. அவர் முறை வரும்போது சமையலை அறந்தாங்கித் தியாகு செய்தான். துணியை வேறொருவர் துவைத்தார். டீ கிளாஸ் சுடுகிறது, ஆற்றிக் கொடு என்று ராக்கப்பன் ஒருநாள் சொன்னபோது அறையே திரும்பிப் பார்த்தது. தியாகு ஆற்றிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு அன்றிலிருந்து அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தான். ராக்கப்பன் அதற்கும் திரும்பிப் பார்த்தார். யாராவது சாம்பாரில் புளி தூக்கல் என்று சொன்னால் இவரும் ஒரு கருத்துச் சொன்னார். கருத்துச் சொல்லும்போது கையுறைக் கையை மெல்ல ஆட்டவும் பழகிக்கொண்டார்.

ஊரில் இருக்கும் மனைவி சரோஜாவிடம் வீடியோ காலில் ஒரு மதியம் கையுறையைக் கழற்றிக் காட்டினார். வெள்ளரிப்பிஞ்சு மாதிரி இருந்தது கை.

"வேலைக்குத்தான போனீக?" என்றாள் சரோஜா.

கம்பெனி சொல்லித்தான் சும்மா இருக்கிறேன் என்று விளக்கினார். எந்தக் கம்பெனி கொத்தனாரைக் கூட்டிப்போய்க் கையில் கிரீம் தடவுகிறது என்று அவள் கேட்டாள். நம்பர் வாங்குவதற்கு என்றார். நம்பர் எதற்கு என்றாள். வேலை செய்வதற்கு என்றார். வேலை செய்வதற்காக வேலை செய்யாமல் இருக்க வேண்டும் என்ற இடத்தில் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஞானையாவே பேசி, தான் கேம்ப் பாஸ் என்றும், தினமும் தன் கையால்தான் தடவுவதாகவும் சத்தியம் செய்து கொடுத்தார். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தேகம் கூடியதா குறைந்ததா என்று ராக்கப்பனுக்குத் தெரியவில்லை. போனை மட்டும் எடுக்க ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் முடிந்த அன்று அவரை பஸ்ஸில் அனுப்பவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பார், விரல் கெட்டுவிடும் என்று விஜயபாஸ்கர் தன் காரிலேயே கூட்டிப்போனார். முன் சீட். சீட் பெல்ட்டை விஜயபாஸ்கரே குனிந்து மாட்டிவிட்டார். பெரிய சாலையில் போகும்போது ஏசி போதுமா என்றும் கேட்டார். ராக்கப்பன் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

சென்டரில் அதே பெண் இருந்தாள். அவளுக்கு இவரை நினைவிருந்தது. கையுறையைக் கழற்றிய கையைப் பார்த்து, மாஷா அல்லா என்றாள். ராக்கப்பன் வலது கையை வைத்தார். நான்கு விரலுக்குப் பச்சை எரிந்தது. இடது கைக்கு மூன்று. கட்டைவிரல் இரண்டில் ஒன்று ஒத்துக்கொண்டது. மீதி இரண்டு விரல்களுக்கு நேரே அவள் என்னவோ தட்டி, போதும், கலாஸ், என்றாள். விஜயபாஸ்கர் ராக்கப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போதே அவருக்கு ஓர் அவசர போன் வந்துவிட்டது. ராக்கப்பன் கேம்புக்கு பஸ்ஸில் திரும்பினார்.

அடுத்த வாரம் அட்டை வந்தது. எண் எழுநூற்று எண்பத்து நான்கில் தொடங்கியது. அது அந்த நாட்டு எண். அடுத்த நான்கு இலக்கம் பிறந்த வருடம், 1981. ராக்கப்பன் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் முன்னால். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வாய்க்கு வந்தபடி எழுதிவைத்ததுதான் அந்த 1981. உண்மையான விரலைப் பல வாரம் நம்ப மறுத்த அரசாங்கம், தலைமையாசிரியரின் கற்பனையை ஒரே பார்வையில் நம்பிவிட்டது. ராக்கப்பன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அட்டையை மூன்று தடவை துடைத்துப் பர்சில் வைத்தார்.

மறுநாள் காலை நான்கு மணிக்கு அவரை ஒரு பெரிய சைட்டுக்கு, லாபித் தரையில் மார்பிள் பதிக்க, அனுப்பினார்கள். சும்மா இருந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்று என்ஜினியர் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்திவைத்தார். வெள்ளரிப்பிஞ்சுத் தோல் முதல் வாரத்திலேயே வெடித்து ரத்தம் கசிந்தது. முன்னே காய்த்துப்போயிருந்த கைக்கு ஆசிட் உறைத்ததே இல்லை. இப்போது சிமென்ட் தண்ணீர் பட்டாலே எரிந்தது. கிரீம் டப்பாவை ஞானையா திரும்ப வாங்கிப் பூட்டிவிட்டார்.

அந்த சைட்டின் கேட்டில் வருகைப் பதிவுக்கு ஒரு கைரேகை இயந்திரம் இருந்தது. பத்து நாள் பச்சை காட்டியது. பதினோராம் நாள் சிவப்பு. காவலாளி, அட்டை இருக்கிறதே, உள்ளே போ பாய் என்று விட்டார். தினமும் விட்டார். ராக்கப்பன் தினமும் கல் பதித்தார். மாதக் கடைசியில் அவர் பதினான்கு நாள் சொல்லாமல் விடுப்பு எடுத்திருப்பதாகக் கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லி, நோட்டீஸ் வந்தது.

ராக்கப்பன் அன்று மாலை நேராக ஆபீசுக்குப் போனார். சைட் உடுப்போடு, பூட்ஸோடு. விஜயபாஸ்கரின் கண்ணாடி மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். பழைய கை மாதிரியே இருந்தது, புதிதாக நான்கைந்து வெடிப்பு.

"சார், நான் வரலண்டு எழுதிருக்கீக. லாபியில பதினாலு நாளா பதிச்ச கல்லு கெடக்கு, போய்ப் பாருங்க. வேணும்னா மறுபடி மூணு வாரம் கிரீம் தடவி உக்கார வையுங்க, உக்காந்துக்கிறேன். இல்லாட்டி நோட்டுல கையெழுத்து வாங்குங்க. எனக்கு எழுதத் தெரியும்."

விஜயபாஸ்கர் சிஸ்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஆரம்பித்தார். கதவுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தார். தியாகு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பீகாரி, நேபாளி, வங்காளி என்று இருபத்திரண்டு கொத்தனார்கள். எல்லார் கையிலும் அதே நோட்டீஸ். கையை மட்டும் விரித்துக் காட்டினார்கள். இருபத்திரண்டு பேருக்கும் மூன்று வாரம் கிரீம் தடவினால் லாபி எப்போது முடியும் என்று எம்பிஏ படித்த மூளை கணக்குப் போட்டுப் பார்த்தது. நோட்டீஸ்கள் அன்றைக்கே திரும்பப் பெறப்பட்டன.

ஒரு மாதம் கழித்துக் கைரேகை இயந்திரத்தை எடுத்துவிட்டு, முகம் பார்த்துப் பதிவு செய்யும் இயந்திரம் வைத்தார்கள். காலையில் எல்லாரையும் அது அடையாளம் கண்டது. மாலையில் ஒருவரையும் அடையாளம் காணவில்லை. மார்பிள் தூசி அப்பிய முகங்கள் எல்லாம் அதற்கு ஒரே முகம். இயந்திரம் கொண்டுவந்த ஆள் சோதித்துப் பார்த்துவிட்டு, பதிவுக்கு முன் தொழிலாளர்கள் முகம் கழுவ வேண்டும் என்று அறிக்கை கொடுத்தான். அந்த சைட்டில் கைகால் கழுவத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று போர்மேன் ஒன்றரை வருடமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். அறிக்கை போன மூன்றாம் நாள் கேட்டுக்குப் பக்கத்தில் எட்டுக் குழாய், எவர்சில்வர் தொட்டி, மேலே தகரக் கூரை எல்லாம் வந்துவிட்டது.

ராக்கப்பன் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். சாயங்காலம் வேலை முடிந்ததும் குழாயைத் திறந்து, முழங்கைவரை நனைத்து, கழுத்து, காது என்று நிதானமாகக் கழுவுவார். பின்னால் நிற்பவர்கள் யல்லா யல்லா என்று அவசரப்படுத்துவார்கள். முகம் எப்போதோ சுத்தமாகியிருக்கும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்.